டைனமைட் முதலாளியும் நாக்கின் கீழ் ஒரு மாத்திரையும்

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும், ஐம்பது வயதைத் தாண்டிய முதலாளிமார் சிலரது மேசை லாச்சியைத் திறந்தால், செக் புத்தகத்துக்கும் றப்பர் முத்திரைக்கும் பக்கத்தில் ஒரு சிறிய கபில நிறக் கண்ணாடிப் போத்தல் இருக்கும். நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும் போது நாக்கின் கீழ் வைப்பதற்காக வைத்தியர் கொடுத்த மாத்திரை அது. சிட்டையில் கிளிசரில் ட்ரைநைத்திரேட் என்றோ, சுருக்கமாக ஜீ.ரி.என். என்றோ எழுதப்பட்டிருக்கும்.

இதன் மற்றொரு பெயர் நைத்திரோகிளிசரின். மலையைப் பிளக்கவும் சுரங்கம் தோண்டவும் பயன்பட்ட டைனமைட்டின் உயிர்நாடியும் இதே பொருள்தான் என்பதை அந்தப் போத்தலை வைத்திருப்பவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். (பயப்படத் தேவையில்லை. மாத்திரையில் இருக்கும் அளவு மில்லிகிராமில் ஒரு பகுதிதான். அது வெடிக்காது.)

ஒரு சரக்கு எப்படி ஒரு கையில் அழிவையும் மறு கையில் ஆயுளையும் கொடுக்கிறது என்பது சுவையான வரலாறு மட்டுமல்ல. சரக்கைப் பொதி செய்வது, பெயரிடுவது, விற்பது, தொழிலாளியின் முறைப்பாட்டுக்குக் காது கொடுப்பது எனப் பல பாடங்கள் அதற்குள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பாடம் இன்று நமது கடைகளின் றாக்கைகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இவ்வார வர்த்தகப் பகுதியில் இதனை எடுத்துக் கொண்டோம்.

சொப்ரேரோவின் தலைவலி

1847ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இரசாயனவியலாளர், கிளிசரினுடன் நைத்திரிக் அமிலத்தையும் சல்பூரிக் அமிலத்தையும் சேர்த்து எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைத் தயாரித்தார். அக்கால வழக்கப்படி சிறிதளவு நாக்கில் தொட்டுப் பார்த்தார். கடுமையான தலைவலி பிடித்துக் கொண்டது. சூடாக்கிய போதும் தட்டிய போதும் அது வெடித்தது. இவ்வளவு ஆபத்தான பொருள் வியாபாரத்துக்கு உதவாது என்றே சொப்ரேரோ கருதினார்.

ஆனால் அந்தத் தலைவலிக்குள் ஒரு செய்தி ஒளிந்திருந்தது. இரத்தக் குழாய்கள் விரிந்ததனாலேயே தலை இடித்தது. அந்தச் செய்தியைச் சரியாகப் படிக்க உலகத்துக்கு மேலும் முப்பது வருடங்கள் தேவைப்பட்டன.

இதற்கிடையில் வியாபாரக் கண் கொண்டு இத்திரவத்தைப் பார்த்தவர் சுவீடனைச் சேர்ந்த அல்பிரட் நோபல். புகையிரதப் பாதைகளும் சுரங்கங்களும் பெருகிய காலம் அது. கறுப்பு வெடிமருந்தை விடப் பன்மடங்கு வலிமையான ஒன்றுக்குச் சந்தை காத்திருந்தது. நோபல் குடும்பம் ஸ்டொக்ஹோம் நகருக்கு அருகே ஹெலனபோர்க்கில் உற்பத்தியைத் தொடங்கியது. 1864 செப்டெம்பரில் அந்த இடம் வெடித்துச் சிதறியது. இறந்தவர்களுள் அல்பிரட்டின் இளைய சகோதரர் எமிலும் ஒருவர்.

பெயர் சொல்லாத பெட்டி

சகோதரனை இழந்த பின்னரும் நோபல் தொழிலை விடவில்லை. ‘வெடி எண்ணெய்’ என்ற பெயரில் நாடு நாடாக அனுப்பினார். ஆனால் சரக்கு கைமாறிச் செல்லும் போது அதன் தன்மையைச் சுமப்பவனுக்கோ களஞ்சியக்காரனுக்கோ யாரும் சொல்லவில்லை.

1866 ஏப்ரல் மாதத்தில் இரண்டு பேரிடிகள் விழுந்தன. பனாமா கரையில் சரக்கு இறக்கிக் கொண்டிருந்த ‘யுரோப்பியன்’ என்ற கப்பல் வெடித்துப் பலர் மாண்டனர். சில நாட்களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வெல்ஸ் பார்கோ கம்பனியின் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்து ஏதோ எண்ணெய் கசிந்து கொண்டிருந்தது. உள்ளே இருப்பது என்னவென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. பெட்டியைத் திறக்க முயன்ற போது கட்டடமே தூளாகியது. சுமார் பதினைந்து பேர் இறந்தனர்.

உள்ளே இருப்பதைச் சொல்லாத பெட்டி எவ்வளவு பயங்கரமானது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை விதிக்கத் தொடங்கின. பிரித்தானியா 1869இல் தனிச் சட்டமே இயற்றியது.

இந்த நெருக்கடிக்கு நோபல் கண்ட தீர்வு புதிய சரக்கு அல்ல, புதிய பொதி. மரத்தூள், கரி, செங்கல் தூள் எனப் பலவற்றில் திரவத்தை ஊற வைத்துப் பார்த்தார். இறுதியில், ஜேர்மனியில் ஹம்பேர்க்குக்கு அருகிலிருந்த தமது தொழிற்சாலைப் பிரதேசத்தில் கிடைத்த கீஸல்கூர் என்ற நுண்துளை மண் கை கொடுத்தது. 75 வீதம் நைத்திரோகிளிசரின், 25 வீதம் மண். பிசைந்தால் மாவு போலாகும். உருட்டிக் கடதாசியில் சுற்றலாம், கீழே விழுந்தாலும் இலகுவில் வெடிக்காது. 1867இல் உரிமம் பெற்று ‘டைனமைட்’ என்று பெயரிட்டார். சரக்கு அதேதான். பாதுகாப்பான பொதி ஒன்று கிடைத்ததும் தடை செய்யப்பட்ட பொருள் உலகச் சந்தையைப் பிடித்தது. நோபல் மறையும் போது அவரது பெயரில் 355 உரிமங்கள் இருந்தன.

திங்கட்கிழமைத் தலைவலி

டைனமைட் தொழிற்சாலைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. வாராந்த விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வரும் தொழிலாளருக்குத் தாங்க முடியாத தலைவலி. செவ்வாய், புதன் ஆகும் போது அது குறைந்துவிடும். அடுத்த திங்கள் மீண்டும் வரும். தோலாலும் மூச்சாலும் உட்சென்ற நைத்திரோகிளிசரின் இரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். நாள் செல்லச் செல்ல உடல் அதற்குப் பழகிவிடும், விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப் போகும். சில தொழிலாளர்கள் தந்திரமாக, தொப்பியின் உட்பட்டியில் சிறிது மருந்தைத் தடவிக் கொண்டு வீட்டுக்குப் போனார்கள்!

இன்னொரு பக்கமும் இருந்தது. வருடக்கணக்காக வேலை செய்த சிலருக்கு விடுமுறை நாட்களிலேயே நெஞ்சு வலி வந்தது, திடீர் மரணங்களும் ஏற்பட்டன. விரிந்திருந்த குழாய்கள் மருந்து நின்றதும் சுருங்கிக் கொண்டதன் விளைவு அது என்று பிற்கால வைத்தியர்கள் விளக்கினர்.

கூலியாட்களின் சாக்குப் போக்கு என்று இம்முறைப்பாடுகளைத் தள்ளிவிடுவது எவருக்கும் இலகு. ஆனால் இம்மருந்தின் இரண்டு முக்கிய குணங்களை வைத்தியத்துறைக்குக் காட்டியவர்கள் அந்தத் தொழிலாளர்களே. ஒன்று, ஓயாமல் எடுத்தால் மருந்தின் வேலை மங்கும். மற்றது, திடீரென நிறுத்தினால் ஆபத்து வரலாம். இவ்விரண்டும் இன்றும் வைத்தியர்கள் கவனத்தில் கொள்ளும் விதிகள். 1980களில் தோலில் ஒட்டும் நைத்திரோகிளிசரின் ஒட்டுக்கள் சந்தைக்கு வந்தன. இருபத்துநான்கு மணி நேரமும் ஒட்டி வைத்தால் பலன் குறைகிறது என்று கண்டறியப்பட்டு, பெரும்பாலும் இரவில் அதைக் கழற்றி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. டைனமைட் தொழிலாளி முன்பே சொன்ன செய்திதான் அது.

வெடிமருந்து மருந்தாகியது

நெஞ்சு வலிக்கு இரத்தக் குழாயை விரிக்கும் மருந்து உதவும் என்பதை முதலில் காட்டியவர் ஸ்கொட்லாந்து வைத்தியர் லோடர் பிரன்டன். 1867இல், அதாவது டைனமைட்டுக்கு உரிமம் கிடைத்த அதே ஆண்டில், அமைல் நைத்திரைட் என்ற ஆவியை முகரச் செய்து அவர் வலியைத் தணித்தார். ஆனால் அதன் பலன் சில நிமிடங்களே நின்றது.

அடுத்து லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் வைத்தியசாலையின் வில்லியம் மரல், நைத்திரோகிளிசரினை நூற்றுக்கு ஒரு பங்காக ஐதாக்கித் தாமே சுவைத்துப் பார்த்தார். நாடி அதிர்ந்தது, தலை இடித்தது. அமைல் நைத்திரைட் செய்யும் வேலையை இதுவும் செய்கிறது, ஆனால் நீடித்துச் செய்கிறது என்பதை அவர் புரிந்து கொண்டார். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1879இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1896ஆம் ஆண்டு இதய நோயால் அவதியுற்ற அல்பிரட் நோபலுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுத்ததும் நைத்திரோகிளிசரின்தான். மருந்துக் கடைக்காரரும் மக்களும் பயப்படாதிருக்க இதை ‘ட்ரைநைத்திரின்’ என்று அழைக்கிறார்கள் என அவர் தமது உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இத்தாலியின் சான் ரெமோவில் அவர் காலமானார்.

இம்மருந்து உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது நூறு வருடங்களாக விளங்கவில்லை. 1977இல் பெரிட் முராட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நைத்திரோகிளிசரின் உடலில் நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளிவிடுகிறது என்று காட்டினார். நமது இரத்தக் குழாய்களின் உட்சுவரே இவ்வாயுவைத் தயாரித்துத் தன்னை விரித்துக் கொள்கிறது என்பது றொபர்ட் பேர்ச்கொட், லூயி இக்னாரோ ஆகியோரின் ஆய்வுகளால் தெரிய வந்தது. மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான பரிசு கிடைத்தது. அது நோபல் பரிசு!

நாட்டாமியின் சுமை

இதயத்தைப் பாரம் இழுக்கும் ஒரு நாட்டாமியாக நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சாப்பாடு வரும் பாதை ஒடுங்கி விட்டது. ஆனால் லொறியில் இருந்து மூட்டைகள் தொடர்ந்து இறங்கிக் கொண்டே இருக்கின்றன. அப்போது அவன் போடும் சத்தம்தான் நெஞ்சு வலி.

மாத்திரை இரண்டு உதவிகளைச் செய்கிறது. முதலாவது, உடலின் நாளங்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தைச் சற்றுத் தேக்கி வைக்கிறது. அதாவது மூட்டைகள் வரும் வேகம் குறைகிறது. இரண்டாவது, இதயத்துக்கு உணவு கொண்டு செல்லும் குழாய்களையும் ஓரளவு விரிக்கிறது. சில நிமிடங்களில் வலி தணிகிறது.

ஆனால் குழாயில் படிந்திருக்கும் கொழுப்பை இது கரைப்பதில்லை. இது தவணை வாங்கித் தரும் மருந்து, கடனைத் தீர்க்கும் மருந்து அல்ல. கடனைத் தீர்க்க வேண்டுமானால் புகைத்தலை விட வேண்டும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். காலை முதல் இரவு வரை கஷியர் மேசையில் அமர்ந்திருக்கும் உடம்பை நடக்கச் செய்ய வேண்டும்.

நம்மவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. நெஞ்சு அடைத்தால் ‘வாய்வு’ என்று சொல்லி ஒரு சோடாவோ இஞ்சிப் பிளேன்டியோ குடித்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம். பெருநாள் சீசன் முடியட்டும், அதன் பிறகு டொக்டரைப் பார்க்கலாம் என்போம். நடக்கும் போது நெஞ்சை இறுக்கி, நின்றால் விடும் வலி. இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. வியர்வையோடு வரும் அடைப்பு இவற்றை வாய்வு என்று நாமே தீர்ப்பளிக்கக் கூடாது. சீனி வியாதி உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

மாத்திரை வைத்திருப்போர் கவனத்துக்கு

மாத்திரையை உட்கார்ந்து கொண்டே நாக்கின் கீழ் வையுங்கள். இரத்த அழுத்தம் சட்டெனக் குறைவதால் நின்றபடி எடுத்தவர்கள் மயங்கி விழுவதுண்டு. அதை விழுங்கினால் பலன் குறைவு. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள். மேலும் எத்தனை மாத்திரை எடுக்கலாம் என்பதை உங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். நீங்களே வாகனத்தை ஓட்டிக் கொண்டு வைத்தியசாலைக்குப் போகாதீர்கள்.

இங்கும் பொதியே முக்கியம். நைத்திரோகிளிசரின் இலகுவில் ஆவியாகும். பிளாஸ்டிக் டப்பாவும் பஞ்சும் அதை உறிஞ்சிக் கொள்ளும். எனவே அதன் சொந்தக் கண்ணாடிப் போத்தலிலேயே, மூடியை இறுக்கி, சூடும் வெளிச்சமும் படாமல் வையுங்கள். சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடும், வெயிலில் நிற்கும் வேனின் டேஷ்போர்டிலும் வைக்க வேண்டாம். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, எட்டு வாரங்களில் மாற்றி விடுங்கள். மூன்று வருடப் பழைய போத்தல் லாச்சியில் இருப்பது, காலாவதியான செக்கைக் கையில் வைத்திருப்பதற்குச் சமன்.

நோன்புக் காலத்தில்

நோன்பாளி ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் நாக்கின் கீழ் மாத்திரை வைக்கலாமா? ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் நடைபெற்ற தனது 10ஆவது அமர்வில் இதனை ஆராய்ந்தது. நெஞ்சு வலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை, தொண்டையை அடைவதை விழுங்காமல் இருக்கும் பட்சத்தில், நோன்பை முறிக்காது எனத் தீர்மானித்தது. மேலதிக தெளிவு தேவைப்படுவோர் தமது உலமாக்களைக் கேட்டுக் கொள்ளலாம். எது எவ்வாறாயினும், உயிருக்கு ஆபத்தான நிலையில் நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு முறிந்துவிடுமோ என்று மாத்திரையைக் கையில் வைத்துக் கொண்டு வலியைத் தாங்குவது மார்க்கம் நம்மிடம் கேட்பதல்ல.

ஐஸோஸோபைட் போன்ற நீண்ட நேர மாத்திரைகளைத் தினமும் எடுப்பவர்கள் றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப நேரத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. டைனமைட் தொழிலாளியின் விடுமுறை நாள் நெஞ்சு வலியை நினைவில் கொள்க.

இன்றைய பெயர் சொல்லாத பெட்டி

இனி, வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒரு விடயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பைசர் கம்பனி நெஞ்சு வலிக்கென ஆராய்ந்த சில்டெனபில் என்ற மருந்து, அந்த வேலையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் அதன் பக்க விளைவு ஒன்றைக் கவனித்த கம்பனி, 1998இல் அதை ஆண்மைக் குறைபாட்டுக்கான மருந்தாக வயாகரா என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. இதுவும் அதே நைத்திரிக் ஒக்சைட் வழியில்தான் வேலை செய்கிறது.

ஆகவே இந்த மாத்திரையும் நைத்திரேட் மாத்திரையும் ஒரே உடம்பில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக விழுந்து மரணமும் நேரலாம். சில்டெனபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும், அதே இனத்தைச் சேர்ந்த டடலபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் ஜீ.ரி.என். கொடுக்கக் கூடாது என்பது வைத்திய விதி. வெட்கப்பட்டு வைத்தியரிடம் மறைப்பவர், காப்பாற்ற வரும் கையையே கட்டிப் போடுகிறார்.

இதில் வியாபாரிக்கு என்ன சம்பந்தம்? வீரிய மருந்து என்று மாத்திரை விற்றால் வாங்குபவர் யோசிப்பார். அதையே தேன், கோப்பி, மூலிகை என்று விற்றால் யோசிக்க மாட்டார். 2022 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், ஆண்மை வீரியம் தரும் தேன் என்று விற்கப்பட்ட பொருட்களைப் பரிசோதித்தது. இலேபலில் குறிப்பிடாமல் சில்டெனபிலும் டடலபிலும் அவற்றில் கலக்கப்பட்டிருந்ததால் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ‘இயற்கையானது, பக்க விளைவற்றது’ என்ற எழுத்தை நம்பி இதய நோயாளி ஒருவர் இத்தகைய தேனைச் சாப்பிட்டார் என்று வையுங்கள். இரவில் நெஞ்சு வலித்து மாத்திரையை வைத்தால் என்ன ஆகும்? தான் சாப்பிட்டது என்னவென்று அவருக்கே தெரியாது. வைத்தியரிடம் எதைச் சொல்வார்?

இது 1866இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன பெட்டியின் மறுபிறப்பு. வெளிநாட்டிலிருந்து பையில் கொண்டு வரப்படும் இத்தகைய பக்கட்டுகளை, இலாபம் அதிகம் என்பதற்காகக் கடையின் ஓரத்தில் வைக்கும் நமது சகோதரர்கள் ஒரு நிமிடம் சிந்திக்க வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை வாங்குபவர் பார்க்கும் விதமாக மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நனைந்த தானியத்துக்கே அந்தக் கண்டிப்பு என்றால், உயிரைப் பறிக்கக் கூடிய மருந்தைத் தேனுக்குள் மறைப்பதற்கு என்ன பதில் சொல்வோம்? நான் கலக்கவில்லை, வாங்கி விற்கிறேன் என்பது களஞ்சியக்காரனின் சாட்டு.

நேர்மையான வழி நமது நாட்டில் இருக்கிறது. மருந்துப் பொருட்களுக்கான பொறுப்பு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் உள்ளது. பதிவில்லாத மருந்தை, அது எந்த வடிவில் வந்தாலும், தொடாதிருப்பதே வியாபாரிக்குப் பாதுகாப்பு. வாங்குவோரும் கம்பனிப் பெயரின் பகட்டைத் தேட வேண்டியதில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், மருந்தை அதன் பொதுப் பெயரில் நியாய விலைக்குக் கொடுக்கும் கொள்கையை உலகுக்கே எடுத்துக் காட்டியது. ஜீ.ரி.என். எந்தக் கம்பனியின் தனியுரிமையும் அல்லாத பழைய மருந்து. சிட்டையோடு ஒசுசலவிலோ பதிவு செய்யப்பட்ட பாமசியிலோ கேளுங்கள்.

எஞ்சி நிற்பது

நோபல் 1895 நவம்பர் 27ஆம் திகதி எழுதிய மரண சாசனத்தில், தமது செல்வத்தின் பெரும்பகுதியை முதலாக வைத்து அதன் வருமானத்தைப் பரிசாக வழங்கப் பணித்தார். முதலைக் காத்து வருமானத்தை மக்களுக்கு விடும் இந்த எண்ணம் வக்பு முறையை அறிந்த நமக்குப் புதிதல்ல. நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றி வருவதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய இப்னுந் நபீஸ், 1288இல் கெய்ரோவில் மரணிக்கும் போது தமது வீட்டையும் நூலகத்தையும் மன்சூரி மருத்துவமனைக்கு விட்டுச் சென்றார். இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவரின் சொத்து நோயாளிகளுக்கே போய்ச் சேர்ந்தது.

நமது ஊர்களில் பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் வாரி வழங்கும் வர்த்தகர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் கடைத்தெருவுக்கொரு பிரஷர், சீனி பரிசோதனை நாளையும் சேர்த்துக் கொண்டால் என்ன? வர்த்தக சங்கங்கள் இதனைப் பெருநாள் சீசனுக்கு முன்பே செய்யலாம். முதலாளிக்கு மட்டுமல்ல, கடைப் பையனுக்கும் நாட்டாமிக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

மாத்திரை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். அது எங்கே இருக்கிறது, எப்போது திறந்தது, எப்போது கொடுக்க வேண்டும், எந்த இலக்கத்தை அழைக்க வேண்டும் என்பதைக் கடையில் வேலை செய்யும் இருவருக்காவது சொல்லி வையுங்கள். கணக்குப் புத்தகத்தை இன்னொருவருக்குக் காட்டி வைக்கும் முதலாளி, இதையும் காட்டி வைப்பதே விவேகம்.